இடக்கரை வீடு

எங்கள் ஊரில் புதிதாக யாராவது குடிவந்தால் எந்தக் கட்சி, எந்தக் கோயில் என்றெல்லாம் ஒருவரும் விசாரிப்பதில்லை. பிள்ளை இடப்பக்கமா வலப்பக்கமா என்றுதான் கேட்பார்கள். பிள்ளை என்று ஒன்று இருந்தால் அது படகுத்துறைக்குப் போகும், போனால் ஒரு முட்டியை ஊன்றி ஒரு பக்கமாகத் துடுப்புப் போடும், அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. இடது முட்டியை ஊன்றினால் துடுப்பு இடப்பக்கம், வலது முட்டி என்றால் வலப்பக்கம். முதல் வாரம் எந்த முட்டியோ அதுதான் கடைசிவரைக்கும். புருஷனை மாற்றிக்கொண்டவள், மதத்தை மாற்றிக்கொண்டவன் எல்லாம் எங்கள் தெருவிலேயே உண்டு. பக்கத்தை மாற்றிக்கொண்டவர் யாரும் கிடையாது.

திசா ஆறு தன் பழைய வளைவை விட்டுவிட்டு நேராக ஓட ஆரம்பித்த பிறகு மிச்சம் கிடக்கும் தண்ணீருக்குச் செத்த திசா என்று பெயர். படகுகள் ஓடுவது அதில்தான். போட்டி நாளில் இடப்பக்கப் பிள்ளைகளின் வீட்டார் பாப்லர் மரங்கள் நிற்கும் இடக்கரையில் துண்டை விரிப்பார்கள். வலப்பக்கத்தார் வெள்ளத்தடுப்பு மேட்டின் அடியில், வலக்கரையில். துடுப்பு தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தந்தப் பக்கத்தில் நின்றால்தான் முடியும். அதனால் வந்த பழக்கம் இது. வந்தபின் போகவில்லை.

என் கடை வலக்கரையில், நடைபாலத்தை ஒட்டி இருக்கிறது. மீன் பொரிப்பேன், லாங்கோஷ் போடுவேன். புளித்த மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்து, பூண்டுத் தண்ணீர் தடவி, மேலே கெட்டியாகப் புளித்த பாலேடும் பாலாடைக்கட்டியும் போட்டுக் கொடுத்தால் இரண்டு பேர் சண்டையைக்கூட நிறுத்திவிட்டுச் சாப்பிடுவார்கள். என் புருஷன் வலப்பக்கத்துக்காரர். அவர் போன பிறகும் நான் இந்தக் கரையை விடவில்லை.

கோர்டாஷ் குடும்பம் எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஆப்ரிகாட் மரம், இந்தப் பக்கம் என் கோழிகள். பெரியவர் லாயோஷ் அண்ணன் இடப்பக்கத்துக்காரர். அவருடைய அப்பா இடப்பக்கம். அவர் மகன் வென்செல் இடப்பக்கம். லாயோஷ் அண்ணன் தேசிய அணியின் வாசல்வரை போய்த் திரும்பியவர், அதற்குப் பிறகு படகுக் கொட்டகையின் பொறுப்பாளராக இருந்தே காலத்தை ஓட்டினார். ஒரு மடக்கு முக்காலி வைத்திருந்தார். போட்டி நாளில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடக்கரையில் மூன்றாவது பாப்லர் மரத்தடிக்குப் போவார். என் மீன் வாசனை தண்ணீரைத் தாண்டி அவருக்குப் போகும், தெரியும் எனக்கு. ஆனாலும் ஒருநாளும் பாலம் தாண்டி வந்து ஒரு துண்டு வாங்கியதில்லை. அத்தனை வைராக்கியம்.

அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் மகனை வளர்த்தார். வென்செல் ஊர்ப்போட்டியில் ஜெயித்தான், மாவட்டத்தில் ஜெயித்தான், பிறகு எங்களுக்குப் பெயர் சொல்லத் தெரியாத ஊர்களில் எல்லாம் ஜெயித்தான். உலகப் போட்டியில் இரண்டு முறை தங்கம், ஒலிம்பிக்கில் வெள்ளி. அதற்குமேல் எங்கள் ஊர் தாங்கவில்லை. பேக்கரிக்காரன் ரொட்டிப் பையில் அவன் முகத்தை அச்சடித்தான். கசாப்புக்கடையில் அவன் வந்தால் தராசுத் தட்டில் கூடுதலாக ஒரு சாசேஜ் விழும். பஸ் டிரைவர் ஃபெரி, வண்டி அவன் வீட்டைத் தாண்டும்போது வெளியூர்க்காரர்களுக்காக வேகத்தைக் குறைப்பான். நானும் ஒன்றும் குறைச்சல் இல்லை. என் கடை விலைப்பலகையில் "வென்செல் லாங்கோஷ்" என்று ஒன்று இருந்தது. சாதாரண லாங்கோஷ்தான், இரண்டு பங்கு பாலாடைக்கட்டி.

போன அக்டோபரில் அவன் இடது முட்டி போய்விட்டது. தலைநகரம் பெஸ்டில் கத்தி வைத்தார்கள். நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், படி ஏறலாம், ஆனால் இனி அந்த முட்டியை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊன்ற முடியாதவனுக்கு எங்கள் படகில் என்ன வேலை? அன்றிலிருந்து ஊர் அவனை விட்டுவிட்டு அவன் முட்டியை விசாரிக்க ஆரம்பித்தது. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "முட்டி எப்படி இருக்கு?" என்பார்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மேயர் நல்ல மனுஷர், ஆனால் கால்பந்துக்காரர். பஸ் நிலையத்துக்கு எதிரே நாலு மாடிக் குடியிருப்பின் மொட்டைச் சுவர் முழுக்க வென்செல் துடுப்புப் போடுகிற படத்தை வரையலாம், மே தினத் திருவிழாவில் திறக்கலாம், அதே மேடையில் அவன் விடைபெறுவதாகச் சொல்லட்டும் என்று முடிவு செய்தார். மாவட்டத் தலைநகரில் விளையாட்டு அலுவலகத்தில் அவனுக்கு ஒரு நாற்காலியும் பேசி வைத்தார். லாயோஷ் அண்ணன் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை மகன் முடிந்துவிட்டான், இனி சுவரில் இருப்பான், தான் தினமும் பஸ் நிலையம் வரை நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாவம், அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

மார்ச் கடைசி. பனி உருகிச் செத்த திசாவில் தண்ணீர் மேலேறி, கரையோரப் புல்லெல்லாம் மூழ்கிக் கிடந்தது. நான் விடிந்ததும் கடையைத் திறந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மூடுபனிக்குள் தொம் என்று ஒரு சத்தம். சற்று நேரம் கழித்து மறுபடி தொம். பெரிய கெண்டைதான் துள்ளுகிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தால், கவிழ்ந்த படகு ஒன்றும் அதன் பக்கத்தில் ஒரு தலையும் தெரிந்தன. ரொட்டிப் பையில் அச்சடித்த அதே தலை.

"மன்சி அக்கா, நீங்க பாக்கல."

"பாத்துட்டனே. ஒருவாட்டி இல்ல, ரெண்டுவாட்டி."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"மொதல்ல மேல ஏறி வா. தண்ணியில நின்னுக்கிட்டு ரகசியம் பேசாத."

அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, என் புருஷனின் பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்து, பிளம்பழச் சாராயம் ஒரு சின்ன கிளாஸ் ஊற்றினேன். பல் கிளாஸில் கடகடவென்று தட்டியது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"இடது முட்டிய ஊன்றக் கூடாதுன்னாரு."

"அப்புறம்?"

"இடது முட்டிய ஊன்றல அக்கா."

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு அவன் வலது முட்டியைப் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வலப்பக்கமா? நீயா?"

"கைக்குத் தெரிஞ்சிடுச்சு. தோளும் கேக்குது. இடுப்புதான் கேக்க மாட்டேங்குது. எதையாச்சும் யோசிச்சேன்னா இடுப்பு பழைய பக்கமே சாஞ்சிடுது, நான் உள்ள போயிடறேன்."

"அப்ப யோசிக்காத."

"யோசிக்கலன்னாலும் விழறேன்."

வலக்கரைக்காரியான எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வந்தது, பொய் சொல்லக் கூடாது. கூடவே பயமும் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை விழுந்தால் கரையில் சிரிப்பார்கள், அது வேறு. ஒலிம்பிக் வெள்ளிக்காரன் விழுந்தால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஊரில் நானும் ஒருத்தி.

"ஏன் தம்பி இந்தப் பாடு? சொவத்துல படம் வரையறாங்க. ஆபீஸ்ல நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. சூடா உக்காந்து காப்பி குடிக்கறத விட்டுட்டு."

அவன் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன வாரம் பேக்கரியில நின்னுட்டிருந்தேன் அக்கா. ஒரு அம்மா தன் பிள்ளைகிட்ட, 'இவருதான் பெரிய படகுக்காரரா இருந்தவரு'ன்னு சொல்லுது. நான் பக்கத்துலயே நிக்கறேன். ரொட்டி வாங்கறேன். இருந்தவராம். எனக்கு இன்னும் முப்பத்தொண்ணு முடியல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தினமும் விடிகாலையில் எனக்கு ஒரு வேலை கூடியது. சாராயமும் கம்பளியும் தயாராக வைத்துக்கொண்டு, தொம் சத்தம் எத்தனை தூரத்தில் கேட்கிறது என்று கவனிப்பேன். தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஏப்ரல் நடுவில் தவளைகள் கத்தத் தொடங்கியபோது அவன் மதகு வீட்டிலிருந்து பாலம் வரைக்கும் விழாமல் வந்தான். நேராக வரவில்லை, குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி கரைக்குக் கரை வளைந்துதான் வந்தான். வந்துவிட்டு, பாலத்துக்கடியில் சும்மா நிற்கும்போது விழுந்தான்.

அவன் பெண்டாட்டி எமெஷெ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறே இல்லாத சமவெளி ஊர்க்காரி. இடக்கரை வலக்கரைக் கூத்தெல்லாம் அவளுக்குப் பைத்தியக்காரத்தனம். போட்டி நாளில் எந்தக் கரையிலும் நிற்க மாட்டாள், பாலத்தின் நடுவில் போய் நிற்பாள். ஒரு சாயங்காலம் துவைத்த துணிக் கூடையோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, அவன் காலையில எங்க போறான்?"

"ஓடப் போறான்னு நெனைக்கறேன்."

"ஓடப் போறவன் உள்ளாடை வரைக்கும் நனைஞ்சு வருவானா?"

"வேர்வையா இருக்கும்."

"வேர்வையில பாசி இருக்குமா அக்கா?"

நான் கோழிக்குத் தவிடு போடுவதில் மும்முரமானேன்.

"மொதல்ல எவளோ இருக்கான்னு நெனச்சேன்," என்றாள் எமெஷெ, ஒரு சட்டையை உதறிக்கொண்டே. "இருந்தாலும் இருக்கட்டும், மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சிருக்குன்னுகூட நெனச்சேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன். நேத்து மத்தியானம் சோபாவுல தூங்கிட்டிருந்தான். கால்சட்டை மேல ஏறியிருந்துச்சு. வலது முட்டி தோலுரிஞ்சு ரணமாக் கெடக்கு. பதினோரு வருஷமா நான் இடது முட்டிக்குத்தான் களிம்பு போடறேன். எவளையோ பாக்கப் போறவனுக்கு வலது முட்டியில ஏன் புண்ணு வருது?"

எனக்குக் கொஞ்சம் பச்சையான ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரத்துக்கு அது ஆகாது என்று விழுங்கிவிட்டேன்.

"நாளைக்கு வெள்ளென கடைக்கு வா," என்றேன். "நான் எதுவும் சொல்லல. நீ மீன் வாங்க வந்த."

மறுநாள் அவள் வந்தாள். மீனும் வாங்கவில்லை, குட்மார்னிங்கும் சொல்லவில்லை. கடை மூலையில் கைகட்டி நின்று பார்த்தாள். வென்செல் பனிக்குள்ளிருந்து வந்தான், அவளைப் பார்த்தான், விழுந்தான்.

"வெளிய வா," என்றாள்.

அவன் படகை இழுத்துக்கொண்டு கரையேறி வந்து நின்றான். தண்ணீர் சொட்டியது.

"ஆபீஸ் வேலைக்கு ஒத்துக்கிட்டோம். வீடு பாத்தாச்சு. எங்க ஆஸ்பத்திரியில மாறுதலும் கேட்டாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவ."

"வேணாம்னுதான் சொல்லுவேன். பதினோரு கோடைக்காலம் நீ முகாம், நான் வீடு. ஒரு கோடைக்காச்சும் என் புருஷன் என்கூட ஏரிக்குக் குளிக்க வருவான்னு நெனச்சேன். சரி, குளிருக்கு வீட்லயே இருந்த. எப்படி இருந்த? ஜன்னலோரத்துல வச்ச பூந்தொட்டியாட்டம் இருந்த. தண்ணி ஊத்தினா ஊத்திக்கிட்ட. இப்ப ஒதடு நீலம் பாரிச்சு நிக்கற, மூக்கு ஒழுகுது, ஆனா அக்டோபருக்கப்புறம் இன்னைக்குத்தான் உன் கண்ணுல ஆள் இருக்கு. அதுதான் எனக்கு ஆத்திரமா வருது. நான் என்ன செஞ்சும் வராதது இந்த நாத்தத் தண்ணியில விழுந்தா வருதா?"

நான் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்சநேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு படகுக்குள் குனிந்து, முட்டிக்கு அடியில் வைக்கும் நுரைத் திண்டைப் பிடுங்கி எடுத்தாள்.

"இது எந்த முட்டிக்கு வெட்டினது?"

"இடதுக்கு."

"இதுல வலது முட்டிய வச்சு அழுத்திக்கிட்டிருக்கியா ஒரு மாசமா? எலும்பு சரிவு ரெண்டுக்கும் எதிரெதிர்னு தெரியாது உனக்கு? முட்டாள். இருந்த ஒண்ணையும் கெடுத்துப்ப."

அந்தத் திண்டைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து புதுத் திண்டு வந்தது. மாவுக்கட்டு வெட்டுகிற கத்தியால் அவளே செதுக்கியிருந்தாள். அதற்குப் பிறகு அவன் விழுவது பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு அவளிடம் மருந்து இல்லை.

"மாமாகிட்ட யார் சொல்றது?" என்று ஒருநாள் எமெஷெ கேட்டாள்.

வென்செல் கம்பளிக்குள்ளிருந்து சொன்னான்: "மே தினத்துல மேடையில சொல்லிடறேன்."

"மேடையிலயா? அவரு மொத வரிசையில உக்காந்திருப்பாரு."

"தனியாச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

உலகத்தின் முன்னால் சட்டையைக் கழற்றித் துடுப்புப் போட்டவனுக்கு அப்பாவின் சாப்பாட்டு மேசையைக் கண்டால் பயம். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். லாயோஷ் அண்ணன் கத்துகிறவர் இல்லை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார், அது இன்னும் மோசம்.

மே தினம் நல்ல வெயிலோடு வந்தது. பாப்லர் மரங்களின் விதைப்பஞ்சு ஊர் முழுக்கப் பறந்து, எல்லார் மூக்கிலும் பீர் நுரையிலும் விழுந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே மேசைகள் போட்டு, வெந்நீரில் கொதித்த சாசேஜும் கடுகு சாஸும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். தீயணைப்புக்காரர்களின் பாண்டு வாத்தியம் தனக்குத் தெரிந்த மூன்று பாட்டையும் வாசித்து முடித்தது. சுவரைப் பச்சை வலை மூடியிருந்தது. வரைந்தவள் பெஸ்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், முடியில் சாயம், கை முழுக்கச் சாயம். மூன்று வாரமாகச் சாரத்திலேயே குடியிருந்தாள். லாயோஷ் அண்ணன் கல்யாணக் கோட்டு போட்டு, சொந்த முக்காலியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேயர் கயிற்றை இழுத்தார். வலை விழுந்தது. நாலு மாடி உயரத்துக்கு எங்கள் வென்செல். அந்த மூக்கு, அந்த நெற்றிச் சுருக்கம், தோள், தண்ணீர் தெறிப்பு, எல்லாம் உயிரோடு இருந்தது. கை தட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றுவிட்டன.

பஸ் டிரைவர் ஃபெரிதான் முதலில் வாயைத் திறந்தான். "வலப்பக்கம் போடறான்."

வேறு எந்த ஊரிலும் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. எங்கள் ஊரில் தள்ளுவண்டியில் இருந்த குழந்தைகூடக் கவனித்திருக்கும். முணுமுணுப்பு மேசைக்கு மேசை தாவியது. மேயர் சுவரைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

லாயோஷ் அண்ணன் எழுந்து நின்றார். "யாரு இது?" என்றார் அமைதியாக. "எனக்கு இவனைத் தெரியாதே."

வரைந்த பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "சுவத்தோட இடது ஓரத்துல மழைத்தண்ணிக் குழாய் வருது ஐயா. துடுப்பு குழாய்க்குள்ள போயிடும். அதனால படத்தைக் கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுக்கிட்டேன். முகம் அதேதானே. பக்கம் மாறினா என்ன?"

யாரோ சாசேஜ் புரையேறி இருமினார்கள்.

"ஒரு வாரத்துல மாத்தி வரைஞ்சிடலாம் அண்ணே," என்றார் மேயர், கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "இன்னைக்கே சாரத்தைக் கட்டச் சொல்றேன்."

"இன்னைக்கே வெள்ளையடிங்க," என்றார் லாயோஷ் அண்ணன்.

அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. மேடையில் வென்செல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். பாலத்தில் நிற்கிற மாதிரியே கூட்டத்துக்கும் மேடைக்கும் நடுவில் நின்றிருந்த எமெஷெயும் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் பைத்தியம் என்று ஊர் முடிவு செய்திருக்கும். அவன் மைக்கைப் பிடித்தான்.

"சொவத்துல யாரும் கை வைக்காதீங்க," என்றான். "அந்தப் பொண்ணு சரியாத்தான் வரைஞ்சிருக்கு. நான்தான் இன்னும் அந்த அளவுக்கு வரல. ஒரு மாசத்துக்கு மேலா வலப்பக்கம் பழகறேன். நெறைய விழறேன். விடைபெறச் சொல்லி எழுதிக் குடுத்திருந்தாங்க, அத நான் படிக்கப் போறதில்ல. மத்தியானம் ஐந்நூறு மீட்டர் போட்டியில எனக்கும் ஒரு தடம் குடுங்க. நான் விழுந்தா நல்லாச் சிரிங்க, ஆனா இருந்தவன்னு மட்டும் சொல்லாதீங்க."

எல்லார் கண்ணும் மேடையை விட்டுவிட்டு லாயோஷ் அண்ணன் பக்கம் திரும்பியது.

"எங்க வீட்ல வலப்பக்கம் கெடையாது," என்றார்.

"இடது முட்டியும் இப்ப கெடையாதுப்பா," என்றான் வென்செல். மைக் அவன் கையில்தான் இருந்தது. அந்த மெல்லிய குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

லாயோஷ் அண்ணன் முக்காலியை மடக்கினார், கக்கத்தில் இடுக்கினார், நடந்துவிட்டார். வென்செலின் சிரிப்பு போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"அண்ணே, நில்லுங்க."

"நீதான் கெடுத்த அவனை. வலக்கரைக்காரி."

"ஆமா, நான்தான் அவனுக்கு ராத்திரியோட ராத்திரியா முட்டிய மாத்தி வச்சேன். பேசறதப் பாரு. அவன் உங்க பேரைக் கெடுக்கவா தண்ணியில விழறான்? இப்ப அவனை விட்டீங்கன்னா அந்தச் சொவத்துக்கிட்டதான் நீங்க பேசிக்கிட்டு இருக்கணும். அது பதில் பேசாது."

அவர் இடக்கரைப் பாதையில் திரும்பினார். நான் எண்ணெய் காய வைக்கணும் என்று கடைக்கு ஓடினேன்.

அன்று இரண்டு கரையும் நிரம்பி வழிந்தன. ஆறு படகுகள். ஐந்தில் பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள், ஆறாவதில் வென்செல். எமெஷெ பாலத்தின் நடுவில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கரையில் மூன்றாவது பாப்லர் மரத்தடியில் லாயோஷ் அண்ணனின் கல்யாணக் கோட்டு தெரிந்தது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் வந்திருந்தார். நான் மாவு தட்டுகிற சாக்கில் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடி இறங்கியது. பையன்கள் பாய்ந்தார்கள். வென்செல் முதல் நாலு வீச்சில் படகை இடக்கரைப் பக்கம் கொண்டுபோய், இழுத்துத் திருப்பி, எல்லாருக்கும் பின்தங்கிவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்லியும் சிரிக்காத ஊரை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு அவன் நெஞ்சு வேலை செய்ய ஆரம்பித்தது. முட்டி மாறினாலும் நுரையீரல் அதேதானே. ஒருவனைப் பிடித்தான், தாண்டினான். படகு ஒருமுறை அசிங்கமாக ஆடியது, பாலத்தில் எமெஷெ கண்ணை மூடிக்கொண்டாள்.

படகுகள் பாதி தூரம் வந்தபோது லாயோஷ் அண்ணன் தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அங்கிருந்து அவருக்கு மகனின் முதுகும் முழங்கையும்தான் தெரியும். துடுப்பு தெரியாது, அது அந்தப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டினார். எழுந்தார். இரண்டு பக்கமும் நகர்ந்து பார்த்தார். பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு நடந்தார், நடை ஓட்டமானது. கல்யாணக் கோட்டோடு, பஞ்சு அப்பிய தலையோடு, அந்த வயதில் பாலத்தில் தடதடவென்று ஓடி வந்தார். எமெஷெயைத் தாண்டும்போது அவள் ஒதுங்கி வழி விட்டாள். வலக்கரையில் காலை வைத்ததும் ஒரு நொடி நின்றார். வலப்பக்கத்தார் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ தங்கள் பீர்ப் பெட்டியை நகர்த்தி இடம் செய்தார்கள். அவர் முக்காலியை விரித்தார், உட்காரவில்லை.

வென்செல் நான்காவதாகக் கோட்டைத் தாண்டினான். தாண்டிய கையோடு துடுப்பைத் தூக்கினான், இடுப்பு பழைய பக்கம் சாய்ந்தது, தொம் என்று விழுந்தான். மேலே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரியே இடக்கரையில் மூன்றாவது மரத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அவன் முகம் வாடியதை நான் கடையிலிருந்தே பார்த்தேன்.

"மேல் கை தாழுது," என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அதான் படகு ஒதுங்குது. கையை நெத்திக்கு மேல வை. எத்தனைவாட்டி சொல்றது?"

ஒருதரம்கூடச் சொன்னதில்லை, வலப்பக்கத்துக்கு. வென்செல் தண்ணீரிலேயே திரும்பினான். அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாயோஷ் அண்ணனுக்கு அதற்குமேல் அங்கே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை போல, மூக்கைப் பஞ்சு அரிக்கிறது என்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டு என் கடைப் பக்கம் திரும்பினார்.

"மன்சி, ரெண்டு லாங்கோஷ் போடும்மா. அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

மாவைத் தட்டிச் சட்டியில் விட்டேன். அது உப்பி வந்தது. பூண்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் பக்கத்து வீடு, அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியவில்லை.

"பூண்டு போடலாமா அண்ணே?"

"நெறையப் போடு," என்றார்.